பதினோராம் தடத்தில் ரயில் இல்லை

முதலில் ஒரு சிணுங்கல்தான் கேட்டது. பகல் பன்னிரண்டேகால் மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாடியில் லோத்தார் சூப் அண்டாவை இழுத்துப் போடும் சத்தத்துக்கு நடுவில், அகன்ற ரயில் மேசையின் அடியிலிருந்து, தகர டப்பாவில் அடைபட்ட கொசுவைப் போல மெல்லியதாய், விடாப்பிடியாய் அது கேட்டது. தண்டவாளம் துடைத்துக்கொண்டிருந்த கெர்னோட் துணியைக் கீழே வைத்தான்.

என்ன சத்தம் என்று தெரியாமலிருந்தால் பயந்திருக்க மாட்டான். தெரிந்ததுதான் கோளாறு.

ஐம்பத்தாறு வயது ஆள் பொம்மை ரயில் ஓட்டுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அந்த மலையூரில், பழைய சரக்குக் கொட்டகையின் நிலவறையில் கூடும் பதினேழு பேருக்கும் அது விளையாட்டில்லை. முன்பெல்லாம் தண்டவாளத்தில் மின்சாரத்தைக் கூட்டினால் ரயில் ஓடும், குறைத்தால் நிற்கும். கெர்னோட் வந்து அதை மாற்றினான். இப்போது எல்லாத் தண்டவாளத்திலும் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும்; அதோடு சேர்ந்தே கட்டளைகளும் ஓடும். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளும் நகத்தளவில் ஒரு சில்லு. தன் எண்ணைக் கூப்பிட்டால் மட்டும் அது மோட்டாருக்கு மின்சாரத்தை விடும். சில்லு இல்லாத இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தால் ஓடாது. மோட்டார் முன்னும் பின்னுமாய் விநாடிக்கு ஆயிரக்கணக்கான முறை உதைபட்டு, நின்ற இடத்திலேயே சூடேறிச் சிணுங்கும்.

சங்கத்தில் அறுபத்து மூன்று இன்ஜின்கள். அத்தனையையும் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து பிரித்துச் சில்லு வைத்தவன் கெர்னோட்தான். ஒன்று மட்டும் அவன் கைக்குத் தப்பியது. சங்கத்தின் மூத்த உறுப்பினர் வீலாண்டின் கறுப்புக் குட்டி இன்ஜின். அதை வீலாண்டின் விறைத்த கைகளுக்குள் செருகி, சவப்பெட்டியை மூடி, தேவாலயத்துக்குப் பின்னால் புதைத்து இரண்டரை வாரம் ஆகிறது. பெட்டியை மூடும்போது கெர்னோட் பக்கத்தில்தான் நின்றான்.

அவன் கட்டுப்பாட்டுப் பலகையைப் பார்த்தான். மேசைக்கு அடியில் இருட்டில் பன்னிரண்டு தடங்கள் உண்டு. மேலே தெரியாத ரயில்கள் எல்லாம் அங்கேதான் முறை வரும்வரை காத்து நிற்கும். நிழல் நிலையம் என்று அதற்குப் பேர். எந்தத் தடத்தில் மின்சாரம் இழுபடுகிறதோ அதன் விளக்கு பலகையில் சிவப்பாகும், இல்லையென்றால் பச்சை. வீலாண்ட் செத்த நாளிலிருந்து பதினோராம் தடத்தைக் கெர்னோட் காலியாகவே விட்டிருந்தான்.

பதினொன்று சிவப்பாக எரிந்தது.

லோத்தார் மரப்படிகள் அதிர இறங்கி வந்தான். சங்கத் தலைவர், சமையல்காரர், வாயாடி மூன்றும் அவன்தான். ஒரு கையில் மின்சார நீட்சிக் கம்பி. இன்னொரு கையில், வயிற்றுக்குள் வாசனைக் கூம்பைக் கொளுத்தி வைத்தால் வாயால் புகைவிடும் மரப்பொம்மை; கிறிஸ்துமஸ் வருகைக் காலத்தில் அந்த ஊரில் வீட்டுக்கு ஒன்று ஜன்னலில் நிற்கும்.

"யோவ், என்ன பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ரெண்டு மணிக்குக் கதவைத் தொறக்கணும். வாசல்ல இப்பவே நாலு குடும்பம் நிக்குது. பசங்க பனியை உருட்டி என் கார் மேல அடிக்குதுங்க."

"சத்தம் கேக்குதா உனக்கு?"

"எந்தச் சத்தம்?"

"கீழே. சிணுங்கற மாதிரி."

லோத்தார் தலையைச் சாய்த்துக் கேட்டான். "என் பொண்டாட்டி மாடியில உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டுப் புலம்பறா. அதைத் தவிர ஒண்ணும் கேக்கலை. பதினொண்ணுல என்ன செகப்பு?"

"ஈரமா இருக்கும். ஈரம் பட்டாலும் காட்டும்."

"மூணு நாளா ஹீட்டர் போட்டு என்னை வேக வைக்கிற. இதுல ஈரமாம்." அவன் பொம்மையைப் பலகை மேல் வைத்துக் கூம்பைப் பற்ற வைத்தான். "வீலாண்டோடது. வருசா வருசம் அந்த ஆள்தான் இதை இங்க வைப்பார். புருசன் போன துக்கத்துலயும் ரோஸ்விதா கொடுத்தனுப்பிச்சா. பிளக் சொருகறதும் இந்த வருசம் அவதான், தெரியுமில்ல? மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு பசங்க எண்ணும், அவ சொருகுவா, ஊர் முழுக்க விளக்கு எரியும். ஒரு நிமிசம் முன்னாடியே வந்து அவ பக்கத்துல நில்லு. எனக்கு அழ வராது."

ரயில்களுக்குப் புதுமுறை வந்தபின்னும், பொம்மை ஊரின் விளக்குகள் மட்டும் பழைய டிரான்ஸ்ஃபார்மரில்தான் எரிந்தன. பருவத்தின் முதல் காட்சியில் மூத்த உறுப்பினர் பிளக்கைச் செருகித் தெருவிளக்குகளை எரியவைப்பது சங்கத்து வழக்கம். பதினெட்டு வருடம் அது வீலாண்டின் கை.

லோத்தார் போனான். மரப்பொம்மையின் வட்ட வாயிலிருந்து ஊசியிலை மர வாசனையோடு நீலப்புகை நூலாக எழுந்தது. கெர்னோட் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தான் செய்யும்.

டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். வயது எழுபத்தொன்று, யாரும் மறுவார்த்தை கேட்கவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்கு ஒன்பது நிமிடம் ஆனது. அந்த ஒன்பது நிமிடத்தில் கெர்னோட் ஒரு பழுப்பு நிற இரட்டைக் கம்பியை வெட்டி எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டான். அது உலகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் ஜெயில். ஜெயிலைவிடக் கொடுமை ரோஸ்விதாவின் முகம்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசையின் பக்கவாட்டுச் சிறு கதவைத் திறந்து அடியில் தவழ்ந்தான். ஆள் மல்லாந்து படுக்க மட்டும் இடமிருக்கும் உயரம். தலைக்கு மேலே குடல்போலக் கொத்துக் கொத்தாய்க் கம்பிகள். தூசி, எண்ணெய், பழைய பலகை வாசனை. முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, தாழ்ந்த தட்டில், பன்னிரண்டு தடங்களும் வரிசையாக ஓடின. ரயில்கள் தூங்கிக்கொண்டிருந்தன. பதினொன்று காலி. அவன் எட்டிப் பார்த்ததும் சிணுங்கல் நின்றுவிட்டது.

தண்டவாளம் ஒரு சாண் நீளத்துக்கு நனைந்திருந்தது. விரலால் தொட்டான். தண்ணீர் இல்லை. நூலாக இழுபட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. எச்சில். மூக்கருகே கொண்டுபோனபோது முடி கருகிய நாற்றம் அடித்தது. அதைத் துடைத்தான்; பேன்ட்டில் மறுபடி மறுபடி விரலைத் தேய்த்தான்.

வெளியே வருமுன் ஓரத்தில் இருந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டையும் பார்த்தான். செங்கல் அளவில் பச்சைப் பெட்டிகள். ஒன்றின் கம்பி துளை வழியாக மேலே போகிறது. அதன் பிளக்கைத்தான் ரோஸ்விதா செருகுவாள். மற்றது உபரி; அதன் பிளக் வீலாண்ட் செத்த அன்று விழுந்த இடத்திலேயே கிடந்தது. அதைத் தொட யாருக்கும் தேவை இருக்கவில்லை. இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் கையை விட்டுத் துழாவினான். வெறும் பலகை. பழுப்புக் கம்பி இல்லை. இருக்க முடியாதே, அவன்தானே அதை ஆற்றில் வீசினான். நிம்மதியாக மூச்சு விட்டான்.

ஒன்றே முக்கால் மணிக்கு ரோஸ்விதா வந்தாள். கறுப்புக் கோட்டின் தோளில் பனி உருகிக்கொண்டிருந்தது. ஒரு தட்டில் மாவுச் சர்க்கரை தூவிய பழரொட்டி. நாலு துண்டு வெட்டி எடுத்து வந்திருந்தாள். பலகை மேல் புகைந்துகொண்டிருந்த பொம்மையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவர் இருந்தா இந்நேரம் உன்னைத் திட்டிக்கிட்டு இருப்பார்" என்றாள்.

"ஆமா. பொத்தான் அமுக்கறவன்னு."

"அதை மனசுல வச்சுக்காதப்பா. வாய்தான் நீளம். வீட்டுக்கு வந்து உன்னைப் பத்திப் பெருமையாத்தான் பேசுவார். அந்தப் பயலுக்கு மூளை இருக்கு, பொறுமைதான் இல்லைன்னு."

கெர்னோட் ரொட்டியை வாயில் வைத்தான். கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

"உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவள் கையுறையை விரல் விரலாகக் கழற்றினாள். "பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி நான்தான் அவர் முகத்தைத் துடைச்சேன். உதடு ரெண்டும் வெந்திருந்துது. உள்ள நாக்கு கறுப்பா இருந்துது. முன்பல்லு ரெண்டு விண்டு போயிருந்துது. மாரடைப்புல இப்படி ஆகுமா?"

"காபி சூடா குடிச்சார் அன்னிக்கு. விழுந்தப்போ விளிம்புல பல்லு பட்டிருக்கும்."

"ம்." அவள் அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைசியா ஏதாவது சொன்னாரா? நீதானே பக்கத்துல இருந்தே. நல்லதோ கெட்டதோ, எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் யார்கிட்டயும் போக மாட்டேன். எனக்கு ராத்திரி தூக்கம் வரணும், அவ்வளவுதான்."

சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

"ஒண்ணும் சொல்லலை, ரோஸ்விதா. ஒரு வார்த்தைகூட இல்லை."

அவள் தலையசைத்துவிட்டு லோத்தாருக்கு உதவ மாடிக்குப் போனாள். ரொட்டித் துண்டைக் கெர்னோட் காகிதத்தில் துப்பினான்.

அப்போது தொலைபேசி அடித்தது.

வெளி உலகத்துத் தொலைபேசி இல்லை அது. முன்பு நிழல் நிலையத்தில் வீலாண்ட் மல்லாந்து படுத்துக்கொண்டு கையால் ரயில்களை அனுப்புவார். அனுப்புமுன் கீழிருந்து கூப்பிட்டு, இந்த எண் வண்டியை ஏற்கிறாயா என்று கேட்பார். மேலே இருப்பவர் ஏற்கிறேன் என்று சொன்னால்தான் வண்டி நகரும். சொல்லாமல் ஒரு பெட்டிகூட நிலையத்துக்குள் வராது. நிஜ ரயில்வேயில் அப்படித்தான், அதனால் இங்கேயும் அப்படித்தான். கெர்னோட் கணினியைக் கொண்டுவந்த பிறகு அந்தக் கறுப்புக் கருவி வெறும் அலங்காரமாகிவிட்டது. அதன் கம்பியைப் போன வசந்தத்திலேயே அவன் பிடுங்கியிருந்தான்.

இரண்டு குட்டை மணி, ஒரு நீள மணி. நிழல் நிலையத்தின் அழைப்பு.

எடுத்திருக்கக் கூடாது. இருபது வருடப் பழக்கம். கை தானே போனது. ரிசீவருக்குள் முதலில் அந்தச் சிணுங்கல். அதற்குள்ளிருந்து ஒரு குரல், பற்களுக்கு நடுவே எதையோ கவ்விக்கொண்டு பேசுபவரின் குரல், நாக்கு எதிலோ முட்டி முட்டி, எச்சில் ஒழுக ஒழுக.

"வண்டி நாப்பத்தேழு. ஏத்துக்கிறியா?"

"ஏத்துக்கிறேன்" என்றான் கெர்னோட்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதில் விழுந்தது. கருவியின் கம்பி பலகைக்குப் பின்னால் எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

பலகையில் பதினொன்று மறுபடி சிவப்பு. பிறகு வெளியேறும் தடம் சிவப்பு. பிறகு ஏற்றத்தின் முதல் சுற்று. ஏதோ ஒன்று, மேசைக்குள், சுருள் பாதையில் மேலே ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாம் சுற்று. அவன் அவசரப் பொத்தானில் உள்ளங்கையால் அடித்தான். தண்டவாளம் முழுதும் செத்தது. எல்லா விளக்கும் அணைந்தது. ஒரு சிவப்பு மட்டும் அணையாமல் ஏறியது. மூன்றாம் சுற்று. சிணுங்கல் கிட்டே வந்தது. கருகல் நாற்றம் வாசனைப் புகையை அமுக்கியது.

சுரங்கவாயில் வழியாகக் கறுப்புக் குட்டி இன்ஜின் வெளியே வந்தது.

அதன் மேல் ஈர மண் அப்பியிருந்தது. சக்கரக் கம்பிகளில் வெள்ளைச் சாட்டின் துணியின் நூல் சுற்றியிருந்தது. சில்லு இல்லாதது, மின்சாரம் இல்லாத தண்டவாளம், ஓடக்கூடாது. ஓடியது. பின்னால் ஒரு திறந்த நிலக்கரிப் பெட்டி. பெட்டி, அவன் நின்ற இடத்துக்கு நேராக வந்து நின்றது. உள்ளே நிலக்கரி இல்லை. பற்கள். வேரோடு பிடுங்கியவை, வேரில் சதை ஒட்டியவை, கறுத்தவை. மேலாக ஒரு தங்கப் பல். வீலாண்ட் சிரித்தால் இடது பக்கம் மின்னும் பல்.

கெர்னோட் கத்தவில்லை. கத்தினால் ஆள் வரும். ஆள் வந்தால் கேட்பார்கள். அவன் இன்ஜினைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுவிடலாம் என்று எட்டினான். அது பின்னால் நகர்ந்து சுரங்கத்துக்குள் போனது. அவன் கையை உள்ளே விட்டுத் துழாவினான். மணிக்கட்டு வரை. முழங்கை வரை.

உள்ளே ஒரு வாய் இருந்தது.

ஈரமாய், சூடாய், பல்லில்லாத ஈறுகளாய் விரல்களைச் சுற்றி மூடிக்கொண்டது. அவன் இழுத்தான். ஈறு கடித்தது. பல் இல்லாமல், எலும்பால் எலும்பை அரைத்து, இறுக்கி. அவன் மறுகையால் சுத்தியலை எடுத்து அட்டை மலையை அடித்தான். மலை பிளந்தது. மரங்கள் பறந்தன. ஓங்கிய சுத்தியல் பட்டு மேசைக்கு மேல் தொங்கிய விளக்கு நொறுங்கியது. மறுபடி அடித்தான். தன் முழங்கையிலேயே ஒரு அடி விழுந்தது. நரம்பு அறுபடும் சத்தத்தோடு ஏதோ கழன்றுகொண்டது. அவன் பின்னால் விழுந்தான்.

சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை.

வலி பிறகுதான் வந்தது. துடைக்கிற துணியைச் சுற்றினான். துணி உடனே நனைந்தது. உடைந்த மலைக்குள் டார்ச் அடித்தான். யாரும் இல்லை. வாயில்லை, கையில்லை, இன்ஜின் இல்லை. ஓட்டை வழியாக மேசையின் அடிப்பகுதி தெரிந்தது. பச்சைப் பெட்டிகள் இரண்டும் தெரிந்தன.

நடுவில் ஒரு பழுப்புக் கம்பி.

ஆற்றில் வீசிய அதே கம்பி. சேறு ஒட்டியிருந்தது. இரு முனையும் பளபளவென்று ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருந்தது, அவ்வளவு நேர்த்தியாக ஊரிலேயே ஒருவர்தான் பற்றவைப்பார்.

அந்தக் கம்பியைப் போட்டவன் கெர்னோட். பொம்மை ஊரில் கிறிஸ்துமஸ் சந்தை சேர்த்ததில் நாற்பது பல்பு கூடி விளக்குகள் மங்கின. பாதி விளக்கைப் பிரித்து இரண்டாம் டிரான்ஸ்ஃபார்மருக்கு மாற்றுவதே முறை. ஒரு நாள் வேலை. அவன் சோம்பல்பட்டு, முதல் நாள் இரவு, இரண்டு பெட்டிகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிட்டான். இப்படிச் சேர்த்தால் ஒரு பேராபத்து உண்டு. ஒன்றன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினாலும் அது சாகாது. மற்றது தரும் மின்சாரம் பின்வழியாக ஏறி, வீட்டு மின்சாரமாகவே பெருகி, கையில் இருக்கும் பிளக்கின் இரண்டு முனையிலும் வந்து நிற்கும். பிடுங்கிய பிளக் என்றால் யாரும் பயப்படமாட்டார்கள். சாவு அதில்தான் இருக்கும். சேர்க்காதே என்று வீலாண்ட் அவனிடம் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

வீலாண்ட் செத்தது பாவமன்னிப்பு நாளில், அரசு விடுமுறை. காலையில் எல்லோர் முன்னாலும் சண்டை. என் இன்ஜினில் கை வச்சே, வெட்டிடுவேன். நீ ரயில்காரன் இல்லடா, பொத்தான் அமுக்கறவன் என்று வீலாண்ட் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். மதியம் இரண்டு பேர் மட்டும் இருந்தபோது, பதினோராம் தடத்தில் ஓர் இணைப்பைப் பற்றவைக்க வீலாண்ட் அடியில் போனார். ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோலுக்குச் சாக்கெட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் பிளக் ஒன்றைப் பிடுங்கினார். இரண்டு கையிலும் வேலை. திருகாணி, கம்பி, எதுவானாலும் வாயில் கவ்விக்கொள்வதுதான் அவர் வழக்கம்.

கெர்னோட் சிறு கதவருகே குந்தியிருந்தான். எல்லாவற்றையும் பார்த்தான். பிளக் உதட்டை நோக்கிப் போவதைப் பார்த்தான். வேண்டாம் என்ற சொல் நாக்கின் நுனியில் இருந்தது. ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சை அவன் உள்ளேயே வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கேட்ட சத்தத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. பல் உடைந்த சத்தம். குதிகால்கள் பலகையில் தட தட தடவென்று அடித்த சத்தம். வாயிலிருந்து புகை வந்தது. தாடை பூட்டிக்கொண்டதால் அவரால் கத்த முடியவில்லை.

"கெர்னோட்." லோத்தார் படிமேல் நின்று கூப்பிட்டான். "தொறந்துட்டேன்யா. ரெண்டு நிமிசத்துல சொருகப்போறா. ஏன் இருட்டா கெடக்கு?"

கால்கள். பூட்ஸ்கள். சிறுபிள்ளைகளின் சத்தம் படிகளில் வழிந்தது. இருட்டில் உடைந்த மலை யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு சொல் போதும். சொருகாதீங்க. சொன்னால் ஏன் என்று கேட்பாள். கீழே குனிந்து பார்ப்பாள். சேறு படிந்த கம்பியைப் பார்ப்பாள். அது என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியும், ஐம்பது வருடம் ரயில்காரனோடு குடித்தனம் பண்ணியவள். அதை வெட்டிவிட்டால் போதும். ஒரே வெட்டு. ஒன்பது நிமிடத்தில் முடித்தவன் இரண்டு நிமிடத்தில் முடிக்க மாட்டானா?

"ஒரு சின்ன வேலை" என்றான் கெர்னோட், குரலைச் சரிப்படுத்திக்கொண்டு. "ஆரம்பிங்க. வந்துடறேன்."

வெட்டுக்குறடை எடுத்துக்கொண்டு சிறு கதவுக்குள் தவழ்ந்தான். பின்னால் கதவு தானே சாத்திக்கொண்டது.

இருட்டு. மல்லாந்து நகர்ந்தான். துணியிலிருந்து ரத்தம் சொட்டியது. தட்டில் சொட்டும் சத்தம் கேட்டது. கம்பி கையில் பட்டது. குறடை வைத்தான். மூன்று விரலால் பிடித்து அழுத்தினான். வழுக்கியது. மறுபடி.

பக்கத்தில் யாரோ படுத்திருந்தார்கள்.

தோளோடு தோள். மண் குளிர்ச்சி. பற்றவைப்புப் பிசின் வாசனை. சிணுங்கல் அந்த உடம்புக்குள்ளிருந்து வந்தது.

குறடு கையிலிருந்து போனது. இரண்டு விரல் அவன் மூக்கைப் பிடித்தது. அவன் வாயை மூடிக்கொண்டான். உதைத்தான். முழங்காலால் பலகையை இடித்தான். மேலே குட்டி ரயில்கள் குலுங்கின.

"என்னம்மா அது, சத்தம்?" ஒரு பிள்ளை.

"ரயிலுக்குச் சாமியார் கீழே பூஜை பண்றார்" என்றான் லோத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

மூச்சு. மூச்சு வேண்டும். நெஞ்சு வெடித்தது. வாய் திறந்தது.

பிளக் உள்ளே போனது.

இரண்டு பித்தளை முனைகள். நாக்கின் மேல். குளிர்ச்சியாக. அவன் நாக்கால் தள்ளினான். தாடைக்குக் கீழே ஒரு உள்ளங்கை வந்து மேலே அழுத்தியது. பல்லும் பல்லும் பிளாஸ்டிக்கில் புதைந்தன. ஒரு பல் விண்டது. அடித்தான். கையில் மண் வந்தது, சட்டை வந்தது, சட்டைக்குள் ஒன்றுமில்லை. உள்ளங்கை அசையவில்லை.

பலகை இடுக்கு வழியாக ரோஸ்விதாவின் காலணிகள் தெரிந்தன. ஒரு சாண் தூரம். விரல்கள் போன கையை நீட்டினான். எட்டவில்லை.

"வீலாண்டுக்காக" என்றாள் அவள்.

பிள்ளைகள் எண்ணத் தொடங்கின.

"மூணு."

வேண்டாம். அன்றைக்குச் சொல்லாத சொல். இப்போது முழுசாக வந்தது, தொண்டையிலிருந்து, நெஞ்சிலிருந்து. பித்தளையில் முட்டி எச்சிலாகக் கன்னத்தில் வழிந்தது.

"ரெண்டு."

காதோரம் அந்தக் குரல். இப்போது தெளிவாக. வாய் காலியாகிவிட்டது அவருக்கு.

"ஏத்துக்கிட்டியே."

"ஒண்ணு."

மேலே தெருவிளக்குகள் எரிந்தன. தேவாலயம் எரிந்தது, சந்தையின் நாற்பது பல்புகளும் எரிந்தன, ஓவென்ற சத்தமும் கைதட்டலும் எழுந்தன. அவன் குதிகால்கள் பலகையில் தட தட தடவென்று அடித்தன. தாடை பூட்டிக்கொண்டது. திறக்கவில்லை. எல்லாம் கேட்டது. எல்லாமே கேட்டது.

"அம்மா, அங்க பாரேன்" என்றது ஒரு பிள்ளை. "சுரங்கத்துலேர்ந்து நெஜமாவே புகை வருது."

கூட்டம் இன்னும் பலமாகக் கைதட்டியது.